பூச்சாடியின் அடியில் இரண்டு எழுத்து

எங்கள் பச்சைக் கண்ணாடிப் பூச்சாடியில் செய்தவன் பெயர் எங்கும் இல்லை. கலியாண வீடுகளுக்கு இரவல் போகும் சாமான் மாறிவிடக்கூடாதென்று பித்தளைப் பாத்திரங்களிலெல்லாம் பெயர் வெட்டுவித்த ஐயா, படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரைக் கொண்டு சாடியின் அடியிலும் தன்னுடைய பெயரின் இரண்டு இங்கிலீசு எழுத்தைக் கீறுவித்திருந்தார்.

மலாயாவில் வேலைபார்த்துப் பென்சனோடு வந்த உடுவில் மாமா ஒருநாள் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“இது சீமையிலை பெரிய கொம்பனி செய்தது. அவங்கடை முத்திரை எனக்குத் தெரியாமல் போகுமே?”

நான் வாயைத் திறந்தேன். ஐயா என்னை முறைத்துவிட்டு, “அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டு வாறன்” என்றார்.

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தா. அதன் கழுத்திலும் அதே இரண்டு எழுத்துத்தான். மாமா அண்ணாந்து குடித்தார்.

“தண்ணிதான் கொஞ்சம் உவர்” என்றார்.