நிற்காத ரயிலுக்கு ஒரு கல்

செனோபியா அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு கடல். மகன் எலோய் மேற்கே அரிக்கா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். மகள் நெல்லி கிழக்கே பிரேசில் கரையில், சாந்தோஸில் துணி தைக்கிறாள். நடுவே எங்கள் பொலிவிய மலைமேல் அக்கா, தன் லாமா மந்தையோடு. கடலை அவள் பார்த்ததே இல்லை.

இரு கடலையும் இணைத்து ரயில் விடப்போகிறார்கள், பாதை எங்கள் கணவாய் வழியாக என்று சேதி வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு பிள்ளை அந்தப் பக்கமிருந்து வரும், ஒரு பிள்ளை இந்தப் பக்கமிருந்து வரும். நடுவுல நான் சூப்பு வெச்சுக்கிட்டு நிப்பேன்!" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னாள்.

அந்த வருஷம் ஊர்த்தலைமை என் வீட்டு முறை. திட்டக்காரர்கள் சம்மதம் கேட்டு வந்தார்கள். வழக்கப்படி மெல்லுவதற்குக் கோகா இலையை நடுவில் பரப்பி வட்டமாக உட்கார்ந்தோம். இளம் பொறியாளர் வரைபடத்தை விரித்ததும் அக்கா எழுந்தாள்.

"ஏன் தம்பி, நம்ம ஊருல எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நிக்காதும்மா. சோயா மூட்டை, தாதுமண்ணு, அவ்வளவுதான். ஆள் ஏத்துறதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்யாணம் நம்ம தெருவுல, சாப்பாடு அடுத்த ஊருலயா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பொறியாளரைப் பார்த்துக் கேட்டாள்:

"கணவாயில கல்குவியல் இருக்கே, பாத்தீங்களா? அதைத் தாண்டுறவன் எவனா இருந்தாலும் இறங்கி ஒரு கல்லு வெச்சு, பூமித்தாய்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். லாரிக்காரன் வெக்கிறான். பாதிரியாரும் வெக்கிறாரு. உங்க ரயிலு மட்டும் என்ன, வானத்துலேருந்து குதிச்சுதா?"

ஊரே கைதட்டியது. ஓட்டுநர் நிறுத்தி இறங்கிக் கல் வைக்க வேண்டும். சம்மதத்துக்கு அதுதான் நிபந்தனை.

"அவ்வளவு பெரிய ரயில நிறுத்திக் கிளப்ப என்ன செலவாகும் தெரியுமா?" பொறியாளர் தலையில் கைவைத்தார்.

"கல்லு இலவசம்," என்றேன்.

திரும்பும்போது அந்தப் பையன் கணவாயில் வண்டியை நிறுத்தி ஒரு கல் வைத்தான். காரியம் பழம் என்று நம்பினோம். ரயில் நின்றால் பிள்ளைகள் எப்படியாவது தொற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று அக்கா சூப்புக்குப் பெரிய பானை வாங்கினாள்.

மழைக்காலம் முடிந்து புதிய வரைபடம் வந்தது. கோடு எங்களைத் தொடாமல், தெற்கே ஆளில்லாத உப்புவெளியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. நான் வாயில் வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்தேன். அக்கா அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்," என்றாள். "நிக்காட்டி என்ன? எலோய் தூக்கப்போற மூட்டையாவது என் கண்ணு முன்னால போயிருக்கும்."