ஆட்காட்டி

விடைத்தாள் திருத்தும் பணிக்காகச் சிதம்பரம் சென்றிருந்த ஆண்டு அது. பிற்பகல் கூட்டத்திற்குச் செல்லாமல், கைப்பேசியை அணைத்துவிட்டுத் தொலைநோக்கியுடன் வெள்ளாற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். திடீரென ஆட்காட்டிக் குருவியொன்று எழுந்து கத்தியது. அக்குரல் என்னைக் கெடிலக்கரைக்குக் கொண்டுசென்றது.

அப்போது எனக்குப் பத்து வயது. கணக்குத் தேர்வுக்கு அஞ்சி, திருப்பாதிரிப்புலியூரில் பள்ளிக்குச் செல்லாமல், ஆற்றோரக் கோரைக்குள் புத்தகப்பையுடன் படுத்திருந்தேன். ஈரமணலின் குளிர்ச்சி வயிற்றில் ஏறியது. துணிக்கடை வைத்திருந்த மாமாவின் மிதிவண்டி ஓசை கேட்டு மூச்சை அடக்கினேன். அருகில் முட்டையிட்டிருந்த ஆட்காட்டியோ என் தலைக்கு மேலேயே வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தது.

"எழுந்து வாடா. அது உன்னத்தான் காட்டுது," என்றார் மாமா.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"இன்னான்னு சொல்றது? கடையச் சாத்திட்டு ஆத்துக்குப் போனேன்னா? உங்க அத்தை மொதல்ல என்னத்தான் புடிப்பா."

அப்போதுதான் அவர் தோளில் சாய்ந்திருந்த தூண்டிலைக் கண்டேன். அன்று நாங்கள் இருவருமாகக் கெளுத்தி பிடித்தோம்.

வெள்ளாற்றங்கரையில் நான் அசையாது நின்றும் பறவை அடங்கவில்லை. அது வட்டமிட்டது எனக்கு மேலே அல்ல. சற்று அப்பாலிருந்த புதருக்கு மேலே. தொலைநோக்கியை அங்கே திருப்பினேன். கூட்டத்திற்குத் தலைமை ஏற்க வேண்டிய முதன்மைத் தேர்வாளர், தம் தொலைநோக்கியால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் அவர் மெல்ல, "கூட்டத்த நாளைக்கு வச்சிக்கலாமுங்களா?"