வடகரைக்காரிகளும் தென்கரைக்காரிகளும்

நாகப்பட்டினத்தில் ஒருத்தி ஒரு கூடை மீனைக் கீறி முடிப்பதற்குள் எத்தனை தடவை வெற்றிலை போடுகிறாள் என்று எண்ணிப் பார்த்தவன் நான். மூன்று தடவை. தூத்துக்குடியில் வெற்றிலை குறைவு, சண்டை அதிகம். சண்டையின்போதும் கத்தி ஓயாது என்பதால் அதை நேர விரயத்தில் நான் சேர்க்கவில்லை. திருப்பாலைக்குடியில் வெள்ளிக்கிழமை வலை இறங்காது. சனிக்கிழமை காலையில் கரை நிறைய மீன் கிடக்கும். எந்த ஊரில் அதிகம் உழைக்கிறார்கள் என்று கேட்டால், "எந்தக் கிழமை?" என்று திருப்பிக் கேட்பேன். இந்தப் பதிலை எங்கள் துறையில் யாரும் ரசித்ததில்லை.

என் உத்தியோகம் சர்க்கார் கருவாட்டுக் கொட்டகையில். கரைக்கு வரும் மீனை எடை போட்டு, அதற்கேற்ற உப்பைச் சலுகை விலையில் கொடுக்க வேண்டும். பெண்கள் அங்கேயே கீறி, உப்பிட்டு, காயப்போடுவார்கள். ஐம்பதுகளின் நடுவில் என்னை மண்டபத்துக்கு மாற்றினார்கள். அங்கே நிலம் ஒடுங்கி, வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். கரைக்கொரு கொட்டகை. இரண்டுக்கும் இடையே அரை மணி நேர நடை. மணலில் எனக்கு முக்கால் மணி.

நான் போய்ச் சேர்ந்ததுமே மேலதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது. இரண்டு கொட்டகைகளின் வேலைத்திறனையும் ஒப்பிட்டு எழுத வேண்டும், குறைந்ததை மூடிவிடுவார்கள். அவர் கோயம்புத்தூரில் மில் கணக்குப் பார்த்துவிட்டு வந்தவர். தறி இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆனி மாதம். முதல் இரண்டு வாரம் தென்கரையில் உட்கார்ந்தேன். நான்கு கிழவிகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி தூங்க வந்தவள். காற்றில் உப்பு என் கண்ணில் விழுந்ததைத் தவிர அங்கே உப்புக்கு வேலையில்லை. அடுத்த இரண்டு வாரம் வடகரை. அங்கே தராசுக்கு ஓய்வில்லை. முப்பத்தெட்டுப் பெண்கள், அவர்களை ஏவுவதற்கு ஒரு நடுவயதுக்காரி. வெயில் ஏறும் முன்னே மீன் முழுவதும் தொட்டியில் இறங்கிவிடும். நான் யாரையும் எளிதில் பாராட்டுகிறவனில்லை. அன்று பாராட்டினேன்.

"தென்கரையில உங்களைப் போல பத்துப் பேர் இருந்தாப் போதும்மா."

"அவளுகளா?" என்றாள் அந்த நடுவயதுக்காரி, கீறுவதை நிறுத்தாமல். "அவளுக சுத்தச் சோம்பேறிக சார். வெயில் கண்டாப் படுத்துக்கிருவாளுக."

"அடுப்புக்கூடப் பத்த வைக்க மாட்டாளுக," என்றாள் இன்னொருத்தி.

"புருசன்மாரு பாவம்."

முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் அறிக்கையை எழுதி வைத்தேன். அனுப்புவதற்குள், ஒரு பருவம் போதாது, தையிலும் பார்க்க வேண்டும் என்று மறு உத்தரவு வந்தது.

தையில் வடகரையிலிருந்து தொடங்கினேன். ஒருவரும் இல்லை. கடல் கறுத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. காவல்காரன் கோணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனியில் அதிகாரியான என்னைக் கண்டு உழைத்தார்கள், இப்போது சாயம் வெளுத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அதே எரிச்சலோடு தென்கரைக்குப் போனால் கொட்டகை நிறைய ஆட்கள். நடுவில் அதே நடுவயதுக்காரி.

"வாங்க சார். நீங்களும் காத்துக்குத் தக்கன இடம் மாறிட்டீகளா?"

"ஏம்மா, நீ வடகரை இல்லையா?"

"அது கச்சான் காத்து வீசையில. அப்ப இந்தக் கடல் குமுறும், அங்கன போவோம். இப்ப வாடை. அந்தக் கடல் குமுறும், இங்கன வந்திருவோம். ஆம்பளைக வலைய எங்கன இறக்குறாகளோ அங்கனதானே எங்களுக்குச் சோலி?"

"அப்போ தென்கரைச் சோம்பேறிகள்?"

"நாங்கதான் சார். உக்காருங்க, இன்னும் அடுப்புப் பத்த வைக்கல."

ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பை அன்றைக்குத்தான் சிரித்தார்கள். சிரித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டு, ஒரு கொட்டகையை மூடப்போகிறார்கள் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எதை?"

"வேலை குறைந்ததை."

"எதை மூடினாலும் ஆறு மாசம் எங்க பொழப்புப் போச்சே சார்! ஈர மீனை எல்லாம் நடை நடையா அந்தக் கரைக்குச் சொமந்து முடிக்கிறதுக்குள்ள வெயில்ல நாறிப்போகும். கடையில உப்பு வாங்கிப் போட்டா எங்களுக்கு என்னா மிஞ்சும்?"

பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டு, இரு கரையிலும் உழைப்பவர்கள் ஒரே ஆட்கள், ஆகவே ஒப்பிட ஏதுமில்லை என்று புதிதாக எழுதினேன். அதிகாரி பதில் போட்டார்: ஆட்கள் ஒரே ஆட்கள் என்றால் கொட்டகையும் ஒன்றே போதும். தென்கரையை வைத்துக்கொண்டு வடகரையை மூடவும்.

வைகாசி பிறந்தது. காற்று திரும்பத் தொடங்கியது. உப்பு முழுவதும் தென்கரையில் இருந்தது. இன்னும் பத்து நாளில் மீன் வடகரையில் இறங்கும். உத்தரவில்லாமல் உப்பை நகர்த்தினால் என் வேலை போய்விடும். விதிப்புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கூரை பழுதானால், பழுது தீரும்வரை அருகிலுள்ள சர்க்கார் கட்டடத்தில் உப்பை வைத்து வழங்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அருகிலிருந்த ஒரே சர்க்கார் கட்டடம் மூடிக் கிடந்த வடகரைக் கொட்டகை. அதை நடுவயதுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள்.

"ஓலை நல்லாத்தானே சார் இருக்கு? போன மாசந்தானே வேஞ்சாக?"

"அதுதான் சிக்கல். பழுதில்லாத கூரையைப் பழுது என்று நான் எழுத மாட்டேன்."

"நீங்க பொய்யெல்லாம் எழுத வேணாம் சார். செத்த நேரம் வெளிய நில்லுங்க. ஏடி, அந்த ஏணிய எடுங்கடி!"

வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஓலை சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் கொட்டகையில் கம்பும் கயிறும்தான் மிச்சம். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. கூரை பழுது என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மாட்டுவண்டியில் உப்பும் தராசும் வடகரைக்குப் போயின. வாடை தொடங்குமுன் பழுது பார்த்து முடிக்க வேண்டும் என்று அதிகாரி கண்டிப்பாக எழுதியிருந்தார். முடித்தோம். நான் அங்கிருந்த வரை, வைகாசிதோறும் அந்தக் கூரை பழுதானது.