சாமி தின்னி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கிற பையன்கள் மேலூருக்குச் சைக்கிளில் போனார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். என் அப்பாவுக்கு மட்டும் மகளை மேலே படிக்க வைக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். திருவாதவூரில் வயல்வேலை பார்த்த மனிதர் அவர். நெல் விற்க மதுரைக்குப் போகும்போதெல்லாம், கன்னியாஸ்திரிகள் நடத்திய உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சாலையைக் கடப்பதைப் பார்த்திருக்கிறார். "ஒரு சத்தம் இல்ல பாத்துக்க. என்னா ஒழுக்கம்!" என்று வந்து அம்மாவிடம் சொல்லுவார். அந்த ஒழுக்கத்துக்காகத்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை அந்தப் பள்ளியின் விடுதியில் கொண்டுபோய் விட்டார்.

விடுதியை ஒரு சிஸ்டர் பார்த்துக்கொண்டார். ஒல்லியான உடம்பு. வெள்ளை அங்கியில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் யாரையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. சேர்ந்த புதிதில் இவர் எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். பெரிய வகுப்பு அக்காக்கள் அவர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

எங்களில் பாதிப் பேர் வேதக்காரப் பிள்ளைகள், அதாவது கிறிஸ்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போலக் கிராமத்து இந்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எல்லோரும் போக வேண்டும். நாங்கள் கடைசி வரிசைகளில் உட்காருவோம். பூசையின் முடிவில் வேதக்காரப் பிள்ளைகள் முக்காடு போட்டுக்கொண்டு முன்னே போய் முட்டி போடுவார்கள். பூசை வைக்கிற சாமியார் ஒவ்வொருவர் நாக்கிலும் வெள்ளையாக, வட்டமாக ஒரு அப்பத்தை வைப்பார். அதை நன்மை வாங்குவது என்பார்கள்.

என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள் வேதக்காரப் பெண். ஒத்தக்கடைப் பக்கம் ஊர். அப்பா இல்லாத பிள்ளை என்று அவளை இலவசமாகச் சேர்த்திருந்தார்கள். எனக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். கணக்கில் அவள் என்னைப் பார்த்து எழுதுவாள், இங்கிலீஷில் நான் அவளைப் பார்த்து எழுதுவேன்.

"நன்மை எப்படி இருக்கும்டி? இனிப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு ருசியும் இருக்காது. நாக்குல வச்சா அப்படியே கரைஞ்சிரும். ஆனா அது சாமிடி. சாமியே உள்ள வந்துரும்."

இது எனக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. எங்கள் கோயிலில் கை நீட்டுகிற எல்லோருக்கும் விபூதி உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்று பூசாரி கேட்க மாட்டார். இங்கே மட்டும் நாங்கள் ஏன் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம், யாராவது வேண்டாம் என்று சொன்னார்களா, இல்லை நாங்களாகத்தான் கூச்சப்பட்டுப் போகாமல் இருக்கிறோமா என்று யோசித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துண்டு ஒன்றை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். சாமியார் என் நாக்கிலும் வைத்தார். அவள் சொன்னது சரிதான். ருசி ஒன்றும் இல்லை. ஆனால் கரையவில்லை, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

திரும்பி என் இடத்துக்கு வந்தபோது சிஸ்டர் அங்கே நின்றார். "வாயைத் திற" என்றார் மெதுவாக. திறந்தேன். உள்ளே பார்த்தார். "மூடு. விழுங்கு." விழுங்கினேன். பூசை முடிகிறவரை என் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அந்தக் கை கனக்கவே இல்லை.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் கூட்டிப்போனார். சாமியார் வயசானவர். அங்கியைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "பச்சப்புள்ள. தெரியாம செஞ்சுருச்சு. விடுங்க சிஸ்டர்" என்றார்.

"சரி ஃபாதர்" என்றார் சிஸ்டர்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தினார். "ஞானஸ்நானம் இல்லாத இந்தப் பிள்ளை நன்மை வாங்கி ஆண்டவரை அவமானப்படுத்திடுச்சு. இது மனசார மன்னிப்புக் கேட்கிறவரை இது கூட யாரும் பேசக் கூடாது. பேசுறவங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கேளு" என்றார்.

நான் உடனே கேட்டேன். "மன்னிச்சிருங்க சிஸ்டர், தெரியாம செஞ்சுட்டேன்" என்றேன். அழக்கூட அழுதேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இது வாயில இருந்து வருது. மனசுல இருந்து வரல. நாளைக்குப் பார்ப்போம்."

மறுநாள் காலை ஜெபத்துக்குப் பிறகு எழுந்து நின்று திரும்பக் கேட்டேன். "இன்னும் வரல" என்றார். அதற்கு மறுநாளும் அதேதான். தினமும் காலையில் நான் எழுந்து நிற்பதும் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவதும் வழக்கமாகிப்போனது. எப்படிக் கேட்டால் மனசிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முட்டி போட்டும் சொன்னேன். அன்று, "நடிக்கிற" என்றார்.

எனக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். முதலில் பிள்ளைகள் பயந்துபோய்ப் பேசாமல் இருந்தார்கள். பிறகு அது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் வந்தால், "சாமி தின்னி வாரா, சாமி தின்னி வாரா" என்று என் காதில் விழுகிற மாதிரி தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இதைச் சிஸ்டர் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களே கண்டுபிடித்தது. என் சிநேகிதி பாயை எடுத்துக்கொண்டு அறையின் இன்னொரு மூலைக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

ஊருக்கு எழுதுகிற கார்டுகளைச் சிஸ்டர் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். அதனால் வீட்டுக்கு, "நல்லா இருக்கேன்" என்றே எழுதினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் வயிறு வலித்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். பாவாடையில் ரத்தம். எனக்கு அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அம்மா மாதத்தில் சில நாள் கொட்டகையில் தனியாகப் படுப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "காக்கா தொட்டுருச்சு" என்பாள். அதற்கும் இந்த ரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே போன சாமி என் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே போகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதி துணி அலசிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பாவாடையைக் காட்டினேன். "ஏ, எனக்கு என்னமோ ஆயிருச்சுடி. நான் செத்துருவேனா? சொல்லுடி." அவள் ரத்தத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது என்னவென்று தெரியும். போன வருஷமே அவள் பெரிய மனுஷி ஆனவள். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடந்து போய்விட்டாள்.

நான் சிஸ்டரின் அறைக்கு ஓடினேன். காலைப் பிடித்துக்கொண்டேன். "சிஸ்டர், சாமி என்னையக் கொல்லுது சிஸ்டர். வயித்துக்குள்ள இருந்து ரத்தமா வருது. இனிமே செய்ய மாட்டேன். என்னையக் காப்பாத்துங்க."

அவர் பாவாடையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஏதோ இளகியது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என் தலையில் கையை வைத்து, "இப்ப உணர்ந்தியா?" என்று கேட்டார்.

"உணர்ந்துட்டேன் சிஸ்டர்."

"அப்ப வா. எல்லார் முன்னாலயும் சொல்லு."

அந்தக் கோலத்திலேயே ஜெபக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கால் வழியாக ஒழுகியது. அத்தனை பிள்ளைகள் முன்னாலும் நின்று, நான் சாமியை அவமானப்படுத்திவிட்டேன், என்னைச் சாகவிடாதீர்கள் என்று கதறினேன். சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதன. பெரிய பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

நான் முடித்ததும் சிஸ்டர் சொன்னார்: "இப்பத்தான் மனசுல இருந்து வந்திருக்கு. இனிமே இது கூடப் பேசலாம்."

அதற்குப் பிறகுதான் என் சிநேகிதி துணியோடு வந்தாள். குளியலறைக்குக் கூட்டிப்போய் எப்படிக் கட்டுவது என்று காட்டினாள். "சாவெல்லாம் மாட்ட, லூசு. எல்லாருக்கும் வாரதுதான்" என்று சிரித்தாள். பேச அனுமதி கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

தகவல் போய் அப்பா வந்தார். கை நிறைய வாழைத்தாரும் தேங்காயும் கொண்டுவந்து சிஸ்டர் காலடியில் வைத்தார். "தாயி மாதிரி பாத்துக்கிட்டீக சிஸ்டரம்மா" என்று கும்பிட்டார். ஊரில் சடங்கு நடந்தது. மாமன்மார் சீர் கொண்டுவந்தார்கள். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கதவைப் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். "அப்பா காதுல விழுந்துச்சு, படிப்ப நிப்பாட்டிருவாரு. ஒனக்குப் படிக்கணுமா வேணாமா?" எனக்குப் படிக்க வேண்டும். திரும்பிப் போனேன். அதே விடுதியில், அதே சிஸ்டரின் கீழ், பள்ளி இறுதிவரை படித்து நல்ல மார்க் வாங்கினேன். பின்னாளில் மேலூரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது.

எண்பதுகளின் பிற்பகுதியில், சிஸ்டர் ஓய்வு பெறுகிறார் என்று பழைய மாணவிகள் கூட்டம் ஒன்று போட்டார்கள். நான் போனேன். பட்டுப்புடவைகளும் மல்லிகைப்பூவுமாகக் கூடம் நிறைந்திருந்தது. என் சிநேகிதி இப்போது டீச்சர். மைக்கைப் பிடித்துப் பழைய கதைகள் சொன்னாள். "நம்ம சாமி தின்னியை யாராலயாச்சும் மறக்க முடியுமா? வயசுக்கு வந்ததைச் சாமி குத்தம்னு நெனச்சு ஜெபக்கூடத்துல நின்னு அழுதாளே!" கூடமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் செல்லமாக என் தொடையைத் தட்டினாள். மேடையில் உட்கார்ந்திருந்த சிஸ்டரும் புன்னகைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போனேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"சிஸ்டர், அன்னைக்கு அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

அவர் தடுமாறவே இல்லை. "அன்னைக்குத்தான் நீ உண்மையாப் பயந்தே. சொல்லியிருந்தா அந்தப் பயம் போயிருக்கும். பயம் இல்லாத பிள்ளை எங்க உருப்படும்? இப்பப் பாரு, உத்தியோகம் பார்க்கிற, நல்லா இருக்க." என் நெற்றியில் சிலுவை போடக் கட்டைவிரலை நீட்டினார். நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு அடுத்து நின்றவளைப் பார்த்துச் சிரித்தார்.

கூட்டம் முடிந்து நானும் சிநேகிதியும் கோரிப்பாளையம் வரை நடந்தோம். இருவருக்கும் மேலூர் பஸ்தான். அவள் ஒத்தக்கடையில் இறங்குவாள். தண்ணீர்த் தொட்டியில் நான் அவளிடம் கேட்டதையும், அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனதையும் சொன்னேன்.

"அப்படியா? எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லையேடி" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பொய் சொன்னால் அவள் மூக்கைத் தொடுவாள், எனக்குத் தெரியும். "அதப் போயி இன்னமும் மனசுல வச்சுக்கிட்டு இருக்கியா? சின்னப் புள்ளைக வெளையாட்டு."

பஸ் வந்தது. நெரிசலில் முந்தி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டாள். வெளியே தலையை நீட்டி, "ஏறுடி, எடம் போட்டுட்டேன்" என்றாள்.

நான் கீழேயே நின்றேன். "ஏறுடி, என்னடி நிக்கிற?" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றேன். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பியது. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்தேன். கால் வலித்தது. அதன் பிறகு அவள் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் நான் பதில் போட்டதில்லை.