ராஜா படத்தில் எது பொய் என்று கேட்டவர்கள்

தியேட்டர் டிக்கெட் கவுண்டரில் உட்காருபவருக்கு ஊரில் எல்லோருடைய கையும் தெரியும், முகம்தான் தெரியாது. அரைவட்ட ஓட்டை வழியாகக் கை மட்டும்தான் உள்ளே வரும். பெயின்ட் ஒட்டிய கை, கேரட் தோட்டத்துச் செம்மண் ஏறிய கை, கொழுந்து பறித்து விரல் நுனி கறுத்த கை. நீங்களும் ஏதாவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவர் என்றால், கையை வைத்தே ஆளின் கோபத்தை அளக்கப் பழகியிருப்பீர்கள்.

குன்னூரில் ஒரே ஒரு திரை உள்ள பழைய தியேட்டர் எங்களுடையது. நான் பி.ஏ. வரலாறு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ஆல்பர்ட் சார் சொல்லியிருந்தார். அந்த மூன்றாவது மாதத்தில்தான் அந்த ராஜா படம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மறுத்துத் தூக்கில் தொங்கிய ஒரு சிற்றரசரின் வாழ்க்கைக் கதை. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நான் எந்தக் காட்சியைப் பொய் என்றேன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இந்த மாதிரிப் படங்கள் ஏன் இப்படி ஓடுகின்றன என்று டிவியில் பெரியவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு தெரியாது. ஜன்னலில் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

மழைச் சீட்டு

எங்கள் தியேட்டருக்குத் தகரக் கூரை. ஐப்பசி மழை அடித்துப் பெய்தால் திரையில் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதற்காக அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. மழையில் வசனம் கேட்காமல் போனவர்களுக்கு ஆல்பர்ட் சார் டிக்கெட்டின் பின்னால் ‘மழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதைக் காட்டி இன்னொரு நாள் இலவசமாகப் பார்க்கலாம். மற்ற படங்களுக்கு அந்தச் சீட்டை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லையாம். சண்டையும் பாட்டும் மழையிலும் புரிந்துவிடும். ராஜா படத்துக்கு மட்டும் சீட்டுகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. ராஜா வெள்ளைக்கார அதிகாரியிடம் என்ன பேசினார் என்பது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு பெயின்டர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மூன்றாம் நாள் மழையே இல்லை. வெயில் அடித்தது. படம் முடிந்து வந்தவர் அப்போதும் டிக்கெட்டைத் திருப்பி ஓட்டைக்குள் நீட்டினார். “மழை இல்லீங்களே?” என்றேன் பயந்துகொண்டே. அவர் சொன்னார்: “மொத நாளு மழையில கேக்கலீங்க. ரெண்டாவது நாளு பக்கத்துல இருந்தவரு தேம்பித் தேம்பி அழுததுல கேக்கலீங்க. இன்னிக்கு நானே அழுதுட்டனுங்க, எனக்கே ஒண்ணும் கேக்கல. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க.”

நான் வாயைத் திறந்தது

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கறுத்த விரல் நுனிக் கை வந்தது. குந்தா பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் செல்வமணி அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு முப்பத்திரண்டு சீட் வேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் எல்லாருக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு; பணம் கட்ட அக்கா அன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த முப்பத்திரண்டு பேரை நம்பித்தான் ஆல்பர்ட் சார் விநியோகஸ்தரிடம் பேசி, வெள்ளிக்கிழமை வர வேண்டிய புதுப் படத்தைத் தள்ளிவைத்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

பணத்தை நீட்டியபடி அக்கா கேட்டார்: “ஏன் புள்ள, இதெல்லாம் நெசமா நடந்ததா?”

மூன்று வருடம் வரலாறு படித்தவளிடம் இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ராஜாவுக்கு அப்படி ஒரு தங்கை இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. குதிரை பள்ளத்தாக்கைத் தாண்டுவது எந்தக் கடிதத்திலும் இல்லை. “பாதிதான் நிஜம் அக்கா” என்று முடித்தேன்.

கை அப்படியே நின்றது. “பாதிதானா?” என்றது குரல். பிறகு பணத்தோடு கை மெதுவாக ஓட்டைக்கு வெளியே போனது. “அப்ப லயத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வர்றேன்.”

ஆல்பர்ட் சார் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஞாயிறு ஆட்டம் காலியாக ஓடினால் விநியோகஸ்தர் முகத்தில் அவர் எப்படி விழிப்பார் என்பதை நிதானமாக விளக்கினார். எழுந்து போகும்போது சொன்னார்: “உன்னய டிக்கெட் குடுக்க உக்கார வெச்சேன், தீர்ப்புச் சொல்ல இல்ல. ஞாயித்துக்கிழமை அவங்க வரலைன்னா, திங்கக்கிழமை நீயும் வர வேண்டாம்.”

தூக்குக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது

வீட்டில் சொல்லவில்லை. ‘எம் மக தியேட்டர் ஆபீஸ்ல இருக்கா’ என்று அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி எவர் எது கேட்டாலும் சீட் நம்பரைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை.

வியாழக்கிழமை செம்மண் கை ஒன்று இரண்டு டிக்கெட் கேட்டது. கேத்தி பக்கம் கேரட் போடுபவர். அம்மாவை அழைத்து வந்திருந்தார். அவர் குனிந்து ஓட்டையில் வாயை வைத்து, “ஏனுங்க, ராஜாவ எத்தன மணிக்குத் தூக்குல போடுவாங்க?” என்றார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். “அம்மாவுக்கு பிரஷர்ங்க. அதுக்கு முன்னாடி வெளிய கூட்டிட்டு வந்தரணும். நேரத்த மட்டும் சொல்லுங்க.” இது வரலாறா, சீட் நம்பரா என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து போய் ஆல்பர்ட் சாரிடம் அனுமதி கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சொல்லு, போ” என்றார்.

தூக்குக் காட்சிக்குச் சற்று முன்பு நானே டார்ச்சோடு போய் வரிசை ஓரத்தில் நின்று சைகை செய்தேன். மகன் அம்மாவைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்து, பாப்கார்ன் கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் உள்ளே ஓடினார். நான் அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ராஜா நன்றாக இருக்கிறார் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த அம்மா டீயை ஊதியபடி சொன்னார்: “பேப்பர்லயே படிச்சுட்டன் கண்ணு, தூக்குல போட்டுருவாங்கன்னு. எம் பையனுக்குத்தான் அழுகை தாங்காது. நா பக்கத்துல இருந்தா கூச்சப்படுவான். அதான் கூப்புட்டதும் எந்திரிச்சு வந்துட்டேன்.”

மஞ்சூர் பஸ்

மேட்னி முடிவதற்கும் மஞ்சூர் பஸ் கிளம்புவதற்கும் ஐந்தே நிமிடம்தான் வித்தியாசம், அதுவும் தப்பான பக்கத்தில். பஸ் போன பிறகுதான் படம் முடியும். முதல் வாரத்தில் மஞ்சூர் ஆட்கள் ராஜா தூக்குமேடை ஏறும்போது எழுந்து ஓடுவார்கள். பிறகு கண்டக்டருக்கே மனசு கேட்கவில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தியேட்டருக்குள் வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார். ராஜா உயிர் போனதும், “மஞ்சூர், மஞ்சூர்!” என்று ஒரு குரல் கொடுப்பார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போவார்கள். டிரைவர் ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை.

சனிக்கிழமை நான் மறுநாளை நினைத்து நகம் கடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கண்டக்டர் கவுண்டரில் எட்டிப் பார்த்து, ஞாயிறு மேட்னிக்கு ஒரு டிக்கெட் கேட்டார். லீவு போட்டிருக்கிறாராம். “தினமும்தான் பார்க்கிறீங்களே?” என்றேன். நான்கு நாளில் நான் பேசிய முதல் உபரி வார்த்தை. அவர் சொன்னார்: “ஒம்பது நாளா கடைசி அஞ்சு நிமிசம் மட்டும் பாக்கறனுங்க. அந்த மனுசன் என்னத்துக்குச் சாகறாருன்னே எனக்கு இன்னும் தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை

காலையிலிருந்து பனிமூட்டம். எதிர்க்கடை பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. இரண்டு மணி வரை விற்ற டிக்கெட்டில் ஒன்று கண்டக்டருடையது. திங்கட்கிழமை அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டேகாலுக்கு மூட்டத்துக்குள்ளிருந்து ஜீப்புகள் வந்து நின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்தில் நிறுத்திவிட்டேன். கறுத்த விரல் நுனிக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டைக்குள் வந்தன. முப்பத்திரண்டு இல்லை, அறுபதுக்கு மேல். செல்வமணி அக்கா குனிந்து சொன்னார்: “நீ சொன்னத லயத்துல சொன்னேன் புள்ள. எந்தப் பாதி நெசம், எந்தப் பாதி பொய்யின்னு அன்னிக்கே சண்டை ஆரம்பிச்சிருச்சு. பாத்துத்தான் தீரணும்னு வீட்டுக்கு வீடு கெளம்பிட்டாங்க.”

இடைவேளையில் கவுண்டரை மொய்த்துக்கொண்டார்கள். “குதிரைதான பொய்யி?” என்றான் ஒரு பையன். “போடா, தங்கச்சிதான் பொய்யி. அம்புட்டு நல்ல தங்கச்சி உலகத்துல எங்க இருக்கா?” என்றார் ஒரு பெரியவர். பின்னாலிருந்து அவருடைய தங்கச்சி அவர் தலையில் ஒன்று போட்டார். நான் ஆல்பர்ட் சாரைப் பார்த்தேன். அவர் கூடுதல் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். “சொல்லும்மா, சொல்லு. இடைவேளைய இன்னும் பத்து நிமிசம் இழுத்துக்கறேன்” என்றார். என் வேலை தப்பியது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. எது ஆதாரம் உள்ளது, எது இல்லாதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கல்லூரியில்கூட நான் இத்தனை பேர் முன்னால் பேசியதில்லை.

இரண்டாம் பாதியில் தங்கை சாகும் காட்சி வந்தது. அவள் பொய் என்று சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே அறுபது பேரும் அழுத சத்தம் கவுண்டர் வரை கேட்டது. மழைகூட இல்லை.

படம் முடிந்ததும் செல்வமணி அக்கா பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்தார். அன்றுதான் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. “நீ எந்த எஸ்டேட்டு புள்ள?” என்றார். அப்பாவின் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர் என்றேன். “எங்காளுங்களும் அந்தக் கப்பல்தான்” என்று என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா கப்பலில் தையல் மெஷின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வாராம். சித்தி அது கோழிக்கூடு என்பாராம். இருவரும் சாகும்வரை ஒத்துப்போகவில்லை.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். தங்கை பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் அப்படி அழுதீர்கள்? அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அந்த ராசாவுக்காகப் பொய் சொல்லவாவது நாலு பேரு இருக்காங்க புள்ள. நம்மளப் பத்தி ஒருத்தன் பொய்யாக்கூட ஒரு படம் எடுக்கல.”

இப்போதும் கவுண்டரில் யாராவது “இது நிஜமா நடந்ததா?” என்று கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்கிறேன், ஆனால் முதலில் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு.