பத்திநாதனின் ஊசி

சுகிர்தத்தின் தம்பி பத்திநாதன் ஊசி போட்டுக்கொள்கிறான் என்பது லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் தெரியும். ஊரெல்லாம் சொன்னவளே சுகிர்தம்தான்.

ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஊசிக்கு இருந்த மரியாதை மாத்திரைக்கு இல்லை. டிஸ்பென்சரிக்கு எந்த நோய் வருத்தத்தோடு போனாலும் அதே வெள்ளை மாத்திரை, அதே சிவப்புத் தண்ணீர் மருந்து. ஊசி போட்டால்தான் வைத்தியம். ஆகவே 1988இல், நீர்கொழும்பிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து இறங்கிய தம்பியிடம், "ஒடம்புக்கு என்னடா?" என்று அவள் கேட்க, "ஊசி போட்டுக்கிட்டுத்தாங்கா இருக்கேன்" என்று அவன் சொன்னதும் அவளுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிட்டது.

பத்திநாதனை வளர்த்தவள் அவள். எழுபத்து நான்கு பஞ்சத்தில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, கைக்குழந்தை றோசலினை ஒரு இடுப்பிலும், பள்ளிக்கூடம் போகிற வயதுத் தம்பியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினாள். புருஷன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவன், ஏறியவன்தான். தம்பி மீசை முளைத்ததும் நீர்கொழும்புக்குப் போனான். கடற்கரையில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் அறை கூட்டுகிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவான். றோசலினுக்கு வளையலும் ரிப்பனும் கொண்டுவருவான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது விடுதி முதலாளி அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு வந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது. பிறகு வரவே இல்லை. ஐந்து வருடம் கழித்து வந்தவன் இப்படி வந்தான்.

நாளுக்கு இரண்டு தரம் கதவைச் சாத்திக்கொள்வான். சுகிர்தம் வெளியே காவல் நிற்பாள்.

"என்னா சுகிர்தம், பட்டப்பகல்ல கதவச் சாத்தி வச்சிருக்கே?" என்பாள் பக்கத்துக் காம்பரா சண்முகவடிவு.

"தம்பி ஊசி போட்டுக்கிறான். செத்த நேரம் கழிச்சு வா."

"அவனே போட்டுக்கிறானா?"

"கொழும்பு டாக்டரு சொல்லிக் குடுத்திருக்காரு. நம்ம டிஸ்பென்சர் அய்யா மாதிரியா?"

ஊசி போட்ட பிறகு அவன் முகம் தெளியும், பேச்சு இனிக்கும், கண் சொக்கும். மருந்து வேலை செய்கிறது என்று சுகிர்தம் சந்தோஷப்பட்டாள். சண்முகவடிவும் தன் மூட்டுவலிக்கு அந்த ஊசியைக் கேட்டு வாசலில் நின்று பார்த்தாள்; அவன் கொடுக்கவில்லை, திமிர் பிடித்தவன் என்று திட்டிவிட்டுப் போனாள். மருந்து தீர்ந்தால் நானுஓயாவில் ரயிலேறிப் போய் வாங்கிவருவான். போகும்போது அவள் சோறு கட்டிக் கொடுத்து, தோட்டத்துச் சின்னக் கோயிலில் மெழுகுதிரியும் ஏற்றிவைப்பாள்.

அந்த வருடம் றோசலினுக்கு மலையில் தலை சுற்ற ஆரம்பித்தது. கொழுந்துக் கூடையோடு இரண்டு முறை விழுந்துவிட்டாள். கங்காணி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நகக்கண் வெளுத்திருந்தது. "இரத்தமில்ல, சத்தூசி ரெண்டு போட்டா எந்திரிச்சு ஓடும்" என்றார் பழனியாண்டி. டிஸ்பென்சரியில் ஓடர்லியாக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்தில் யாருக்கு ஊசி வேண்டுமென்றாலும் அவர்தான். ஒரே கண்ணாடி ஊசி; தோட்டத்தின் அந்தப் பிரிவு முழுவதற்கும் அதுதான். அது போன மாதம் விரிசல் விட்டிருந்தது. ராகலைப் பாமசியில் மருந்துக் குப்பியை வாங்கிக்கொண்டு வந்த சுகிர்தத்துக்கு யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டிலேயே கொழும்பு ஊசி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பத்திநாதன் பீலித் தண்ணீரில் குளிக்கப் போயிருந்தான். கூரைச் சட்டத்தில் அவன் ஊசி வைத்துச் செருகியிருந்த சவர்க்காரப் பெட்டியைச் சுகிர்தம் எடுத்துக் கொடுத்தாள். பழனியாண்டி கேத்தல் சுடுதண்ணீரில் ஊசியை ஒரு அலசு அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, முனை தீப்பெட்டியில தேய்ச்ச மாதிரி இருக்கு? உன் தம்பிக்கு எந்த டாக்டரு வைத்தியம் பாக்குறாரு, தச்சு வேலை டாக்டரா?"

"கேலியெல்லாம் அப்புறம் பண்ணுங்கண்ணே. புள்ளைக்குப் போடுங்க."

றோசலின் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழனியாண்டி தோலைப் பிடித்து ஊசியைக் கொண்டுபோன நேரம் வாசலில் வாளி விழுந்தது. ஈரத் துண்டோடு பாய்ந்து வந்த பத்திநாதன் அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டு ஊசியைப் பறித்தான். அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் ஒரே போடு. கண்ணாடி தூள் தூளாகிவிட்டது. ஊசி முனையைக் கல்லால் வளைத்துத் துணியில் சுருட்டிக் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டு வந்தான்.

முதலில் பேசியது சுகிர்தத்தின் கை, அவன் கன்னத்தில்.

"தாய்மாமனாடா நீ? வளையல் வாங்கிக் குடுத்தா ஆச்சா? அக்கா மகளுக்கு ஒரு ஊசி குடுக்க மனசு வரலையேடா!"

"கொழும்புத் தண்ணி குடிச்சா ஈரல் காஞ்சு போயிருமாட்டம் இருக்கு" என்றாள் வாசலில் கூடியவர்களில் முன்னால் நின்ற சண்முகவடிவு.

அவன் றோசலினின் கையைப் பிடித்து, மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவனுக்கு மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பித்தன. கொட்டாவிமேல் கொட்டாவி. குளிர்கிறது என்று கம்பளி கேட்பான், வேர்க்கிறது என்று எறிவான். வயிறு நிற்கவில்லை. காலை உதைத்து உதைத்து முனகினான். சுகிர்தம் வேலைக்குப் போகாமல் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். அழுக்குத் துணியைச் சுருட்டி எடுத்து, உடம்பைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். அடித்ததற்கு வருத்தப்பட நேரமில்லை. வைத்தியம் தடைப்பட்டதால்தான் இந்தப் பாடு என்று அவளுக்கு நிச்சயம்.

"பொறுத்துக்கடா. நுவரெலியாவுக்குப் போயி நானே ஒரு புது ஊசி வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சேலையை உதறிக் கட்டினாள்.

அவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்கா. அது மருந்து இல்ல."

"பின்ன?"

"குடு."

குடு என்றால் போதைத் தூள் என்று அவளுக்குத் தெரியும். நுவரெலியாவில் அதற்காக ஒருவனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதை ரேடியோவில் கேட்டிருக்கிறாள். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பல் கிட்டிக்கொள்ள, நிறுத்தி நிறுத்தி அவன் சொன்னான். கலவரத்துக்குப் பிறகு தூக்கமே வராமல் போனது. விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன் முதலில் புகைக்கக் கொடுத்தான், பிறகு ஊசி. கடற்கரைப் பையன்கள் சிலரும் சேர்ந்தார்கள். ஊசி ஒன்றுதான், கை மாறி மாறிப் போகும். அவர்களில் அந்தோனி என்ற கூட்டாளி வாயெல்லாம் புண்ணாகி, வற்றி, கொழும்பு வார்ட்டில் செத்துப்போனான். அங்கிருந்த நர்ஸ், அந்த நோய் இரத்தத்தில் இருக்கிறது, ஒருத்தன் குத்திய ஊசியில் இன்னொருத்தன் குத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, இவனையும் சோதிக்க வரச்சொன்னாள். இவன் இரவோடிரவாக ஊருக்கு ஓடிவந்துவிட்டான்.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொல்லியிருந்தா லயத்துல இருக்க விட்டிருப்பாங்களா?"

அவளுக்கு அடுத்துத் தோன்றியது ஒன்றே ஒன்று. தாய்க்குப் பதிலாக மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த றோசலினை வாசலிலேயே மறித்து, சட்டைக் கையை மடக்கிப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி. கொசுக்கடியாக இருக்கலாம். தேயிலைக் குச்சி கீறியதாக இருக்கலாம்.

பழனியாண்டியிடம் ஓடினாள். எல்லாவற்றையும் கேட்டவர் திண்டாடிப்போனார். "பட்டுச்சா படலையான்னு சத்தியமா சொல்ல முடியல தங்கச்சி. அவன் தட்டிவிட்ட வேகத்துல..." என்றவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று ஆய்வுகூடத்தில் அந்தக் கிருமியின் இனத்தைப் பிரித்துப் பார்த்து, எந்தக் கூட்டத்துக்குள் அது ஊசி வழியாகப் பரவியது என்று தடம் பிடிக்கிறார்கள். அன்று தோட்டத்தில் அந்த நோய்க்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. வெள்ளைக்காரன் சீக்கு என்பார்கள். சுகிர்தத்துக்கு வேண்டியிருந்தது ஒரே விடை: அந்தச் சிவப்புப் புள்ளி என்ன?

தம்பி எழுந்து நடக்கத் தொடங்கியதும் இருவரையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினாள். இரத்தம் எடுத்தார்கள். பத்திநாதனுக்கு இருந்தது. றோசலினுக்கு இப்போது இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் தெரியாது, சில மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். தலைசுற்றலுக்கு இரும்பு மாத்திரையும் பூச்சி மருந்தும் கொடுத்தார்.

"ஊசி இல்லீங்களா?" என்று சுகிர்தம் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

நர்ஸ் ஒரு தமிழ்ப் பிள்ளை. எதில் பரவும், எதில் பரவாது என்று பொறுமையாகச் சொன்னாள். ஒரே தட்டில் சாப்பிடலாம், தொடலாம், துணி துவைக்கலாம்; இரத்தத்தைத் துடைக்கும்போது கையில் காயமில்லாமல் பார்த்துக்கொள்; சவர பிளேடைத் தனியாக வை. சுகிர்தம் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

லயத்தில் செய்தி பரவாமல் இருக்குமா? பீலியில் சண்முகவடிவு சத்தம் போட்டாள்: "இந்தத் தண்ணியத்தான் நாங்களும் குடிக்கிறோம்!"

"குடி. தண்ணில வராது. ஊசில வரும். ஒன் மூட்டுவலிக்கு அந்த ஊசியத்தான் கேட்டு ஒரு மாசமா என் வாசல்ல நின்னே. அவன் திமிரு புடிச்சவன்னு திட்டினியே, அவன் ஏன் குடுக்கலன்னு இப்ப வெளங்குதா?"

சண்முகவடிவு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு பேச்சு இல்லை, சத்தமும் இல்லை.

மழைக்காலம் வந்தபோது பத்திநாதன் படுக்கையில் விழுந்தான். சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக உடம்பு கரைந்தது. அடுப்பு எரிய வேண்டுமென்றால் சுகிர்தமும் றோசலினும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போயே ஆகவேண்டும். பகலில் அவனைப் பார்க்க ஆளில்லை. ஒரு காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பழனியாண்டி வந்து நின்றார்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

முதல்நாள் அவனைத் துடைத்துவிட்டு, போர்வையைச் சரிசெய்தபடி, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "தம்பி, நானும் ஒரே ஊசியாலதான் இந்தப் பிரிவு பூராவுக்கும் போட்டேன். நான் யாருக்காச்சும் எதையாச்சும் குடுத்துட்டிருப்பேனா?"

"அப்ப இந்தச் சீக்கு நம்ம மலைக்கு ஏறலண்ணே" என்றான் பத்திநாதன்.

"வேற சீக்கு?"

வேறு சீக்கும் ஊசியில் ஏறும் என்று பழனியாண்டிக்கே தெரியும். அதற்கப்புறம் அவர் யாருக்கும் ஊசி போடவில்லை. தினமும் வந்தார். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போடுவார், உப்புத் தண்ணீரில் வாய் கழுவிவிடுவார். பத்திநாதன் கூச்சப்பட்டால், "சும்மா கெடடா. பெரிய தொரைக்கே வயித்துக்குப் போனப்ப கழுவிவிட்ட கை இது. அவரு ஒன்ன விட வெளுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். அவன் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். "சிரிக்காத, எனக்குத்தான் வேலை" என்று முதுகைத் தடவுவார்.

றோசலினை இரண்டாம் தரம் சோதிக்கப் போன முறை பத்திநாதனால் கூடப் போக முடியவில்லை. முடிவு வாங்கிக்கொண்டு தாயும் மகளும் ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏறி வந்தபோது மாலை மூடுபனி இறங்கியிருந்தது. பழனியாண்டி வாசலில் நின்றார். உள்ளே அவன் தலையைத் தூக்கப் பார்த்தான்.

றோசலின் நனைந்த தலையோடு போய்க் கட்டிலருகே குந்தினாள்.

"ஒண்ணும் இல்லையாம் மாமா. சுத்தமா இல்லையாம்."

"இன்னொருக்கா சொல்லு."

"ஒண்ணும் இல்லை."

"நல்லாக் கேட்டியா? டாக்டரா சொன்னாரு?"

"டாக்டரும் சொன்னாரு, நர்ஸம்மாவும் சொன்னாங்க."

"எனக்கும் ஒருக்கா சொல்லு தாயி" என்றார் வாசலில் நின்ற பழனியாண்டி. அவள் திரும்பி அவருக்கும் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழை தூறுகிறது என்று யாரிடமோ சொன்னார்.

பத்திநாதன் கண்ணை மூடிக் கிடந்தான். தூங்கிவிட்டான் என்று சுகிர்தம் அடுப்பைப் பற்றவைத்தாள். புகை கிளம்பியதும் அவன் குரல் வந்தது.

"அக்கா, பசிக்குது."

இரண்டு வாரமாக அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை. சுகிர்தம் ரொட்டி சுட்டு, சிறு துண்டுகளாகப் பிய்த்து, தேத்தண்ணீரில் ஊறவைத்தாள். றோசலின் மாமனின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். வாயில் புண், ஒவ்வொரு துண்டும் இறங்க நேரமெடுத்தது. போதுமா என்று அக்கா கேட்டாள். போதாது என்று தலையசைத்தான். அன்று அவன் ஒரு முழு ரொட்டி சாப்பிட்டான்.