கேலரிக்காரர்களின் நிறம்

நான் கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக்கூடக் காலண்டரில் குறித்துவைக்கிறவள். புகைப்படத்தின் பின்னால் தேதி எழுதாமல் ஆல்பத்தில் ஒட்டியதில்லை. 2002 செப்டம்பரில் கல்யாணமாகி, திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் வந்தபோது, புகுந்த வீட்டில் யாருக்கும் இந்த வழக்கம் இல்லை என்பதைக் கண்டுகொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதைக் கேட்டாலும் "அது ஆச்சு ரொம்ப வருஷம்" என்பார்கள்.

கணவரின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்தது. லோத்குண்டாவில், ராணுவ நிலத்து மதிலை ஒட்டிய தெருவில் வீடு. மாமனாரும் கணவரும் படித்தது ஒரே கல்லூரியில். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லூரிக்கும் ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு கல்லூரிக்கும் ஹாக்கி ஆட்டம் நடக்கும். ஆடுவது அப்போது படிக்கிற பிள்ளைகள். ஆனால் கத்துவதற்கென்று வருகிற பழைய மாணவர்கள்தான் மைதானத்தை நிறைப்பார்கள். எல்லோர் மேலும் ஒரே நிறச் சட்டை. மெரூன் என்று சொல்ல முடியாது, கத்தரிப்பூ என்றும் சொல்ல முடியாது. நாவல்பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டினால் தெரியுமே, அந்த நிறம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தின் ஒரு பக்கம் சிமெண்டுப் படிகளாலான கேலரி. அதில் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டும்தான், அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டுதான், உட்காரலாம். மனைவிமார், கணவன்மார், மாமியார்கள், கைக்குழந்தைகள் எல்லோருக்கும் எதிரே ஷாமியானா. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியும் டீயும் பிஸ்கட்டும் உண்டு. யாரும் எழுதிவைத்த விதியில்லை. ஆனால் முதல் வருடம் நான் கணவரின் பின்னால் படியேறப் போனபோது, "நீ அங்க உக்காந்துக்கோ, சவுக்கியமா இருக்கும்" என்று ஷாமியானாவைக் காட்டினார்.

என் கல்லூரி ஓர் அரசு மகளிர் கல்லூரி. விளையாட்டு வகுப்பு என்றால் வளையப்பந்து, அதுவும் மழை இல்லாவிட்டால். அந்தக் கல்லூரிக்கு நிறம் என்று ஒன்று இருந்தால் அது பஸ் பாஸின் நிறம்தான். ஆகவே ஷாமியானாவில் உட்கார எனக்கு முதலில் வருத்தமில்லை. 2004இல் அவள் திரும்பி வந்தாள்.

அவள் கணவருடைய வகுப்புத் தோழி. கல்லூரிப் பெண்கள் அணியின் கோல் கீப்பராக இருந்தவள். அதனால் அவளைக் கேலரியில் எல்லோரும் 'கோலி' என்றே கூப்பிட்டார்கள். பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் சேர்ந்திருந்தாள். கல்யாணமானவள், இரண்டு பிள்ளைகள். சந்தேகப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் வேறு, பொறாமை வேறு. எனக்கு இருந்தது இரண்டாவது, அது நிறைய இருந்தது.

என் அலுவலகமும் கச்சிபௌலியில்தான். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு சாயங்காலம் அவள் காரில் ஏற்றிக்கொண்டாள். சிக்னலுக்குச் சிக்னல் வண்டிகள் நகரவில்லை. அவள் பேச்சு மட்டும் நகர்ந்தது. என்னைத் தெலுங்கில் 'வதினா', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள்.

"வதினா, உங்க வீட்டுக்காரர் ஒரு தடவை மேட்ச் தோத்ததுக்கு சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்து அழுதார், தெரியுமா?"

"தெரியாது."

"அரே, சொல்லலையா? நான்தான் சமோசா வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணேன். அழுதுக்கிட்டே மூணு தின்னார்!"

நான் சிரித்தேன். என் கணவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதுகூட அவர் அழவில்லை. அந்த அழுகையை அவள் பார்த்திருக்கிறாள், சமோசாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த டிசம்பரில் ஷாமியானாவிலிருந்து நான் பந்தைப் பார்க்கவில்லை. கேலரியின் மூன்றாவது படியில் அவரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் தலையில் கைவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்தில் அந்த ஒரு நாளாவது அவர் பக்கத்து இடம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. வேறெங்கே படித்துப் பட்டம் வாங்கினாலும் பெறமுடியாத இடம் அது. இனிமேல் போய் அந்தக் கல்லூரியில் சேரவா முடியும்?

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அந்த நிறத்தின் வரலாற்றைத் தேடினேன்.

விளையாட்டு அணிகளின் நிறங்களைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். இங்கிலாந்தில் படகுப் போட்டி நடத்தும் இரண்டு பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு அடர்நீலம், மற்றொன்றுக்கு வெளிர்நீலம். நம் ஊர்ப் பள்ளிகள் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகளாகப் பிரிப்பதும் அங்கிருந்து வந்த பழக்கமே. ஆனால் இந்த நாவல்பழ நிறத்துக்கு மூன்று கதைகள் கிடைத்தன. தியாகிகளின் ரத்தம் என்றது கல்லூரியின் பொன்விழா மலர். ஒரு குதிரைப்படை தன் கழுத்துப்பட்டை நிறத்தைப் பரிசாகக் கொடுத்தது என்றார் கணவர். நிறுவனரின் மனைவி கட்டியிருந்த பட்டுப்புடவை என்றாள் கோலி. மூன்றுக்கும் மூன்று வருடம் சொன்னார்கள். அதில் ஒன்று, கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய வருடம்.

2006 ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மாமனாருடைய பழைய ஆட்டச் சட்டை என் கைக்கு வந்தது. அணியின் முதல் நாவல்பழச் சட்டைகளில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஆண்டுதோறும் அதைக் கேலரிக் கம்பியில் மாலை போடாத குறையாகத் தொங்கவிடுவார்கள். கம்பியில் மாட்டி அக்குள் தையல் விட்டிருந்தது. "பார்த்துத் தை, நூல் நிறம் மாறக் கூடாது" என்று கணவர் நாலு தடவை சொன்னார்.

தையலைப் பிரித்து மடிப்பை விரித்தேன். உள்ளே துணி நீலமாக இருந்தது. சுத்தமான, பளிச்சென்ற நீலம். நூல் இறுக்கிப் பிடித்திருந்த கோட்டில் மட்டும் சாயம் ஏறவில்லை.

எதிர்க் கல்லூரியின் நிறம் நீலம்.

மாமனார் முற்றத்தில் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டையை விரித்துக் காட்டினேன்.

"மாமா, உள்ள நீலமால்லா இருக்கு?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு ரேடியோவை அணைத்தார்.

"ஹவ்ம்மா. நீலம்தான்."

"அப்போ இது அவங்க சட்டையா?"

"அவனுங்க புதுசு தச்சுக்கிட்டு பழசத் தள்ளிட்டானுங்க. ஜெனரல் பஜார்ல ஒரு துணிக்காரன்கிட்ட கிடந்தது. எங்ககிட்ட சட்டையே இல்ல. பனியனோட ஆடிக்கிட்டிருந்தோம். எங்க கேப்டன் அள்ளிட்டு வந்தான். சிவப்புச் சாயம் வாங்கி, ஹாஸ்டல் அண்டாவுல போட்டுக் காய்ச்சினோம். சிவப்பா வரும்னு பாத்தா இந்தக் கலர் வந்துச்சு. மூணு நாள் சாம்பாரும் இந்தக் கலர்லதான் வந்துச்சு."

"யாருக்கும் தெரியாதா?"

"ஜெயிச்சோம்மா அன்னிக்கு. ஜெயிச்சவன் சட்டைய எவன் திருப்பிப் பாக்கறான்? அப்புறம் காலேஜ்காரங்க புதுசு தைக்கும்போது இதையே மாதிரிக்குக் குடுத்துட்டாங்க." கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்: "உன் புருஷன்கிட்ட நக்கோ, சொல்லாத. அழுதுடுவான்."

எந்த வருடம் என்று விடாமல் கேட்டேன். மாநிலம் சேர்ந்ததற்கு முன்னாலா பின்னாலா, அவருடைய அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று நெருக்கி, கடைசியில் ஒரே வருடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அன்று எனக்கு வந்த சந்தோஷம் ஆராய்ச்சி முடிந்த சந்தோஷம் மட்டுமில்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தவர்களின் அடியிலிருந்து சிமெண்டை உருவி எடுக்கும் வழி என் கையில் இருந்தது.

ஆட்டத்தன்று பாதி நேரத்தில் கேலரிக்காரர்கள் டீ குடிக்க ஷாமியானாவுக்கு வந்தார்கள். எங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கோலி அந்தச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவரின் புது மனைவிக்குப் பட்டுப்புடவைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது புடவை இல்லீங்க" என்றேன். "எதிர்க் காலேஜோட பழைய சட்டை. மேல சாயம் ஏத்தினது."

எல்லோரும் திரும்பினார்கள். நான் சட்டையை வாங்கி அக்குள் மடிப்பைத் திருப்பிக் காட்டினேன். அந்த இடத்தை மட்டும் தைக்காமல் விட்டிருந்தேன். வருடத்தைச் சொன்னேன், ஜெனரல் பஜாரைச் சொன்னேன், அண்டாவைச் சொன்னேன். மாமனார் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?" என்றார் கணவர்.

"ஹவ்" என்றார் அவர், டீயிடம்.

கணவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. கோலியின் புடவைக் கதை பாதியிலேயே நின்றது. அது நின்றது எனக்கு இனித்தது.

அந்த இனிப்பு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. கோலி என் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நீலக் கோடு தெரியத் தூக்கிப் பிடித்தாள். "அரே! இதவிட நல்ல கதை எவன்கிட்ட இருக்கு?" என்று கத்திக்கொண்டே மைதானத்தின் ஓரமாக ஓடினாள். எதிர் அணிக்காரர்கள் பக்கம் சட்டையை ஆட்டி, "கமீஸ் தும்ஹாரா, கோல் ஹமாரா!" என்றாள். சட்டை உங்களுடையது, கோல் எங்களுடையது. ஷாமியானாவே அவள் பின்னால் ஓடியது. டீக் கோப்பையோடு ஓடினார்கள். என் கணவர்தான் எல்லோரைவிடச் சத்தமாகக் கத்தினார். இத்தனை வருடம் ரத்தம், குதிரைப்படை என்று சொல்லிவந்தவர்களுக்கு, எதிரியின் சட்டையைக் காய்ச்சிப் போட்டுக்கொண்டது அவற்றைவிடப் பெரிய பெருமையாகிவிட்டது.

நான் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றேன். மாமனார் இன்னொரு டீ கேட்டார்.

இரண்டாம் பாதி தொடங்கும்போது கேலரியிலிருந்து அவள் குரல் வந்தது. "வதினா! எதுக்கு அங்க நிக்கறீங்க? மேல வாங்க! கண்டுபிடிச்சவங்க நீங்கதானே!"

யாரோ ஒரு நாவல்பழ நிறத் துண்டை என் கழுத்தில் போட்டார்கள். கணவர் நகர்ந்து, செய்தித்தாளை விரித்துப் படியைக் காட்டினார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. அவர் என் முழங்கையைத் தொட்டு, "பிரமாதம்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

பிறகு என் தலைக்கு மேலே பேச ஆரம்பித்தார்கள். இடதுபுறம் ஓடுகிறவன் யாரைப்போல ஓடுகிறான், பழைய கோச் என்ன வைவார், கேன்டீன்காரர் எந்த ஆட்டத்துக்குக் கடையை மூடிவிட்டு வந்தார். அவர் சிரித்தால் என் இடது காதிலும், அவள் சிரித்தால் வலது காதிலும் விழுந்தது. நான் இரண்டு பக்கமும் மாறிமாறித் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் நேராகப் பார்க்கத் தொடங்கினேன்.

திடீரென்று கேலரி மொத்தமும் எழுந்தது. எழ வேண்டிய நொடி எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுவதற்குள் முன்படியில் முதுகுகள் சுவராக நின்றன. அவர்கள் இரண்டு பேரும் எனக்கு மேலே கைகளை அடித்துக்கொண்டார்கள்.

"யாருங்க அடிச்சது?" என்று அவர் சட்டையை இழுத்தேன்.

"சொல்றேன் இரு" என்று சொல்லிவிட்டு, அவள் என்னவோ கேட்டதற்குப் பதில் சொல்ல அந்தப் பக்கமாகக் குனிந்தார்.